மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூல்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

இதையெல்லாம் ஒரு விஷயம் என்று எழுத வந்துவிட்டாளே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அது நான் படித்த கல்லூரியின் ஸ்டூல். நாடக மேடையின் இடது ஓரத்தில், கறுப்புத் துணிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் போட்டிருப்பார்கள். இருபது வயதில் நான் அதில் உட்கார்ந்தால் இன்னொருவருக்கும் இடம் இருக்கும். இப்போது... சரி, அது எதற்கு? ஸ்டூல் தாங்கியது. அது போதும்.

புனேயில் நான் இருக்கும் பாணேரிலிருந்து என் கல்லூரிக்கு முக்கால் மணி நேரம். மழை பெய்தால் கொஞ்சம் கூட. படித்து முடித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருஷத்தில் காசிக்குப் போயிருக்கிறேன், சிங்கப்பூர் போயிருக்கிறேன், நாத்தனார் பெண்ணின் வளைகாப்புக்காக நியூஜெர்ஸி வரைக்கும் போய் வந்திருக்கிறேன். கல்லூரி கேட்டைத் தாண்டி உள்ளே ஒரு தடவை... ம்ஹூம். பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று நினைத்த இடத்துக்கு நாம் என்றைக்காவது போயிருக்கிறோமா?

நானாகப் போயிருக்க மாட்டேன். அஜித் போன் பண்ணினார்.

அஜித் என் தோழி மதுராவின் கணவர். நல்ல மனுஷர். கொஞ்சம் அவசரக்காரர். 'ஹலோ' என்பதற்குள் பாதி விஷயத்தைச் சொல்லி முடித்திருப்பார்.

"வசந்தி, காலேஜ்ல பழைய நாடகம் திரும்பப் போடறாங்களாம். மதுரா நடிக்கணும்ங்கறா. நான் வேண்டாம்னேன், கேட்கல. டாக்டர் வேண்டாம்பார்னு நினைச்சேன், அவரும் சரின்னுட்டார். நீங்க வந்தாத்தான் நடிப்பேன்னு அடம். நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்களேன்..."

போனுக்குப் பின்னால் மதுராவின் குரல் கேட்டது. போன் கை மாறியது. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.

"வசு... ஸ்டூல்... காலியா இருக்கு. வா."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். (அவள் பேசியதும் இனிமேல் பேசப்போவதும் மராத்தி. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.)

இந்த ஸ்டூல் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

அப்பாவுக்கு பிம்ப்ரியில் மருந்துக் கம்பெனி வேலை. திருச்சியில் ப்ளஸ் டூ முடித்த கையோடு என்னை இங்கே அழைத்து வந்து, இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்த்துவிட்டார். எனக்கு ஹிந்தி அரைகுறை. மராத்தி சுத்தம். வகுப்பில் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் மதுரா. முதல் நாளே என் டிபன் பாக்ஸைத் திறந்து புளியோதரையை முழுசாகக் காலி பண்ணிவிட்டு, "நாளைக்கும் இதையே கொண்டு வா" என்றாள். சைகையில்தான். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம்.

மதுரா ஒரு நாடகப் பைத்தியம். புனே கல்லூரிகளில் நாடகம் என்பது ஆண்டு விழாவுக்கு வேஷம் கட்டி, அம்மா அப்பா கைதட்டியதும் வீட்டுக்குப் போகிற சமாச்சாரம் இல்லை. மழைக்காலம் பிறந்தால் கல்லூரிகளுக்குள் ஓரங்க நாடகப் போட்டி. ஒரு மாசம் 'தாலீம்' — ஒத்திகைக்கு இங்கே அதுதான் பெயர். படிப்பு, பரீட்சை, காதல், ஜுரம் எல்லாம் தாலீமுக்கு அப்புறம்தான். படித்து முடித்து வேலைக்குப் போனவர்கள்கூட ஆபீஸ் முடிந்ததும் நேரே வந்து ஆணி அடிப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், ஜூனியர்களைத் திட்டுவார்கள். யாரும் கூப்பிட வேண்டாம். மழை வந்தால் அவர்களும் வந்துவிடுவார்கள்.

மதுரா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நாடகம் எழுதி இயக்கிய ஸ்ரீபாத் எங்கள் வகுப்புத்தான். என்னை ஒரு வசனம் சொல்லச் சொன்னான். மராத்தியில் ஒரு 'ள' உண்டு, வடக்கத்திக்காரர்களுக்கு அது சாமானியத்தில் வராது. நமக்கோ தண்ணீர் பட்ட பாடு. "என்ன அழகா 'ள' சொல்றா பாரு!" என்று ஆச்சரியப்பட்டான். மிச்ச எழுத்துகளையும் கேட்டான். ஆச்சரியம் போய்விட்டது.

"நீ மேடைக்கு வந்தா சோக சீன்லயும் ஜனங்க சிரிப்பாங்க. ஆனா உனக்கு ஞாபகசக்தி இருக்கு. போய் அந்த ஸ்டூல்ல உட்காரு" என்றான்.

அப்படித்தான் நான் பிராம்ப்டர் ஆனேன். நடிக்கிறவர்களுக்கு வசனம் மறந்தால் திரைக்குப் பின்னாலிருந்து மெல்ல அடி எடுத்துக் கொடுக்கிற வேலை. கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் காட்சியே முடிந்துவிடும் என்பதால், மொத்த நாடகத்தையும் நெட்டுருப் போட்டுவிட்டேன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நாடகத்தின் கதை சின்னது. ஒரு சின்ன ஊர் பஸ் ஸ்டாண்ட். பெஞ்சில் வயதான ஒரு பெண்மணி, மடியில் துணிப்பை. வருகிறவர்கள் எல்லாரும், "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். ஒருவரிடம் மகன் என்கிறாள். இன்னொருவரிடம் அக்கா என்கிறாள். மூன்றாமவரிடம் ஏதோ பார்சல் என்கிறாள். எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் கடைசியில் அருகில் வந்து உட்கார்ந்து, "மாவ்ஷி... நிஜமா யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்கிறாள். மாவ்ஷி என்றால் சித்தி, பெரியம்மா. இங்கே தெரியாத பெண்களையும் அப்படிக் கூப்பிடுவார்கள்.

ஒரு நீண்ட மௌனம்.

அப்புறம் அந்த அம்மாள் சொல்கிறாள். "இப்படி யாராவது கேட்பாங்களான்னுதான்."

விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் நாடகம்.

முதல் தாலீமில் அந்த மௌனம் வந்தது. மதுரா பேசவில்லை. நான் பார்த்தேன். ஐயோ பாவம், மறந்துவிட்டாள் என்று பரோபகாரமாகக் கடைசி வசனத்தை எடுத்துக் கொடுத்தேன், கொஞ்சம் உரக்கவே. மடியிலிருந்த பையைத் தூக்கி என்மேல் வீசினாள். பையில் நிஜ வெங்காயம் வைத்திருந்தான் ஸ்ரீபாத். நெற்றி புடைத்துக்கொண்டது.

"நான் சும்மா இருந்தா மறந்துட்டேன்னு அர்த்தமா?" என்று கத்தினாள்.

நியாயமான கேள்விதானே? மௌனத்துக்கும் மறதிக்கும் ஸ்டூலில் இருக்கிறவளுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? கடைசியில் ஒரு சிக்னல் வைத்துக்கொண்டோம். நிஜமாகவே மறந்துபோனால், மடியில் இருக்கும் பையின் கைப்பிடியை ஒரு முறுக்கு முறுக்குவாள். முறுக்கினால் கொடுக்க வேண்டும். முறுக்காவிட்டால் நான் வாயே திறக்கக் கூடாது. அந்த வருஷம் அவள் ஒரு தடவைகூட முறுக்கவில்லை. கோப்பை எங்களுக்குத்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தீபாவளி முடிந்த வாரத்தில் மதுராவுக்குப் பக்கவாதம் வந்தது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். வலது பக்கம் அசைவில்லை. பேச்சு சுத்தமாக இல்லை. எத்தனை பேசுகிறவள்! கண் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. வெளியே வந்து காரிடாரில் அழுதேன். என்னவர் காபி வாங்கிக் கொடுத்தார். அதையும் அழுதுகொண்டே குடித்தேன்.

ஆனால் மதுரா யார்? படிப்படியாக எழுந்துவிட்டாள். கால் வந்தது. கை முக்கால்வாசி வந்தது. பேச்சும் வந்தது, ஆனால் சொல் கிடைப்பதற்குத்தான் நேரமாகிறது. "எல்லாம் உள்ளேதான் இருக்கு வசு. வாசல் வரைக்கும் வருது. செருப்பு மாட்டிட்டு வெளியே வரத்தான்... லேட் பண்ணுது" என்று அவளே ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் சொல்லப்போவதில்லை.

இப்படிப்பட்டவள் மேடை ஏறுகிறேன் என்கிறாள். அஜித் வேண்டாம் என்றதில் என்ன தப்பு? நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் 'வா' என்று சொல்லிவிட்டாளே.

சனிக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். கேட்டில் செக்யூரிட்டி தடுத்தார். "பேரன்ட்டா?"

"இல்லை, ஸ்டூடன்ட்" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "முன்னாடி" என்று சேர்த்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே புடவையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, உதட்டைச் சுழிக்கும் உத்தேசத்தோடுதான் உள்ளே நுழைந்தேன். 'எங்க காலத்துல...' என்று ஆரம்பிக்கிற நாலு வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. மழையில் நனைந்த கருங்கல் கட்டடம் அப்படியே இருந்தது. சைக்கிள் ஸ்டாண்ட் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். துப்பட்டாவை முகம் முழுக்க முகமூடிக் கொள்ளைக்காரி மாதிரி சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கும் புனே பெண்கள், அன்றைக்கு இருந்த மாதிரியே. மெக்கானிக்கல் பட்டறை வாசலில் நின்றேன். எங்கள் வகுப்பில் பெண்கள் மதுராவும் நானும் இன்னும் ஒன்றிரண்டு பேரும்தான். அங்கே இப்போது ஒரு கும்பலே கையில் கிரீஸோடு, நெற்றியில் கிரீஸோடு, ஏதோ ஒரு வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பாதிக்குமேல் பெண்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "மேடம், அந்த ஸ்பானரை எடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. தயாராக வைத்திருந்த நாலு வாக்கியமும் எங்கே போனதென்றே தெரியவில்லை.

நாடக அரங்கில் ஸ்ரீபாத் இருந்தான். இப்போது போசரியில் ஸ்பிரிங் தயாரிக்கும் தொழிற்சாலை முதலாளி. தொப்பை, மூக்குக் கண்ணாடி, கையில் சுத்தியல். இன்றைக்கும் மழை வந்தால் ஆஜராகிவிடுகிறானாம். "ஸ்டூலை நான்தான் பத்திரமா வச்சிருந்தேன். கால் ஆடுது, மெதுவா உட்காரு" என்றான்.

மதுரா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் கிழவி வேஷத்துக்காகத் தலை நிறைய டால்கம் பவுடர் கொட்டுவோம். இப்போது பவுடர் செலவு மிச்சம். பக்கத்தில் கல்லூரிப் பெண்ணாக நடிக்கும் சாயலி. அவள் நிஜமாகவே மூன்றாம் வருஷ மாணவி. அந்த நாளில் அந்த வேஷத்தில் நடித்தவள் அமெரிக்காவில் இருப்பதால் இவளைப் போட்டிருந்தார்கள்.

தாலீம் நடந்தது. மதுரா தட்டித் தடுமாறிச் சொன்னாள். ஆனால் சொன்னாள். எனக்கு வேலையே வைக்கவில்லை. நான் கவனித்தது சாயலியைத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று நாம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்? நானே முன்பு இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண், மதுரா ஒரு சொல்லைத் தேடும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். தலையாட்டவில்லை. உதடு அசைக்கவில்லை. பரிதாப முகம் காட்டவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி சும்மா இருந்தாள்.

டீ இடைவேளையில் அஜித் என்னைத் தனியே அழைத்தார்.

"வசந்தி, ஒரே ஒரு வேண்டுகோள். அவ நின்னா ஒரு செகண்ட்கூட விடாதீங்க. உடனே கொடுத்துடுங்க. அத்தனை பேர் முன்னாடி அவ முழிச்சுட்டு நிக்கறதை என்னால பார்க்க முடியாது. ப்ராமிஸ் பண்ணுங்க."

அவர் கண்ணைப் பார்த்தால் 'மாட்டேன்' என்று சொல்ல வரவில்லை. தலையாட்டினேன்.

மேக்கப் அறைக்குப் போனால், மதுரா கண்ணாடி முன்னால்.

"வசு. எல்லாரும் எனக்கு... பிராம்ப்டர் ஆயிட்டாங்க." நிறுத்தி, மூச்சு வாங்கினாள். "நான் 'த'ன்னு ஆரம்பிச்சா... தண்ணியா, தயிரா, தலைகாணியா... பையன் கேட்கறான். அஜித் கேட்கறார். காய்கறிக்காரன்கூடக் கேட்கறான். ஒரு வாக்கியம்... என் வாயால முடிஞ்சு... நாளாச்சு. இன்னைக்கு நான்தான் முடிப்பேன். நீ கொடுக்காதே."

"மறந்துட்டா?"

கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சரி, பழைய சிக்னல்தான். சரியா?" என்றேன்.

ஒரு வினாடி என்னைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

ஆக, கணவருக்கு ஒரு வாக்கு. மனைவிக்கு நேர் எதிராக இன்னொரு வாக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டது.

தேங்காய் உடைத்தார்கள். முதல் மணி, இரண்டாவது மணி. இங்கே மூன்றாவது மணி அடித்தால்தான் திரை விலகும். மதுரா விங்கிலிருந்து (மேடையின் பக்கத் திரைதான்) மேடைக்குக் கால் வைக்கும் முன்னால், இன்னும் முரண்டு பிடிக்கும் வலது காலை மடக்கி, குனிந்து, மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிடிக்கப்போன ஸ்ரீபாத்தின் கையைத் தட்டிவிட்டாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. பழையவர்கள் முன்னால், பிள்ளைகள் பின்னால், படிக்கட்டிலெல்லாம். முதல் வரிசை ஓரத்தில் அஜித். துணி இடுக்கு வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தார்.

மகன் என்று சொல்கிற வசனம் நன்றாகப் போனது. அக்கா வசனத்தில் ஒரு சின்னத் தடுக்கல், சமாளித்தாள். மூன்றாமவரிடம் 'பார்சல்' என்ற சொல் வரவில்லை. "அது... அதான்... அந்த டப்பா... கட்டி, ஒட்டி, அனுப்புவாங்களே!" என்று எரிச்சலோடு கையை ஆட்டினாள் பாருங்கள், அரங்கமே சிரித்தது. வசனமே அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். அடேயப்பா, சரியான கெட்டிக்காரி! ஸ்டூலில் இருந்து விசிலடிக்க முடியாத குறைதான் எனக்கு.

கடைசிக் காட்சி. சாயலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாவ்ஷி... நிஜமா யாருக்காகக் காத்திருக்கீங்க?"

மௌனம்.

அந்த மௌனத்தின் நீளம் எனக்கு மனப்பாடம். அது முடிய வேண்டிய இடம் வந்தது. தாண்டியது. இன்னும் போனது.

பையைப் பார்த்தேன். கைப்பிடி மேல் அவள் இடது கை. அசையவில்லை.

யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒரு போன் முனகி அடங்கியது. அஜித் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டார். நான் இருக்கும் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார், கொடுங்க, கொடுங்க என்று. பின்னால் நின்ற ஸ்ரீபாத் என் தோளைப் பிடித்து நசுக்கினான். கொடு என்கிறானா, கொடுக்காதே என்கிறானா, ஒன்றும் புரியவில்லை. சாயலி கடைக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். அந்தப் பெண் சட்டென்று திரும்பி, தோளில் இருந்த பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, 'நீங்க சொல்லும்போது சொல்லுங்க மாவ்ஷி, என் பஸ்ஸுக்கு நேரம் இருக்கு' என்கிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு? யாருமில்லை.

என் நாக்கு நுனியில் வசனம் துடித்துக்கொண்டிருந்தது. மூன்றே சொல். மெதுவாகச் சொன்னால் யாருக்கும் கேட்காது. 'நான் சும்மா இருந்தா மறந்துட்டேன்னு அர்த்தமா?' முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். நிஜமாக.

அப்போது மதுரா தலையைத் திருப்பினாள்.

சாயலி பக்கம் இல்லை. விங் பக்கம். என் பக்கம். நேராக என் கண்ணைப் பார்த்தாள். பழைய நாடகத்தில் இந்தத் திருப்பம் கிடையவே கிடையாது! அந்தப் பார்வையில் பயம் இருந்தது, கெஞ்சல் இருந்தது, யாருமில்லாத ஒரு பெண்மணியின் தவிப்பு மொத்தமும் இருந்தது. அடிப்பாவி... புதுசாக ஒன்றைச் சேர்த்திருக்கிறாளே, இத்தனை வருஷம் கழித்து என்னமாய் நடிக்கிறாள்! நான் ஸ்டூலை மறந்தேன், அஜித்தை மறந்தேன். முந்தானை வாயிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் முகம் மெதுவாகத் தெளிந்தது. சாயலி பக்கம் திரும்பினாள்.

"இப்படி... யாராவது... கேட்பாங்களான்னுதான்."

விளக்கு அணைந்தது.

கைதட்டலை நான் வர்ணிக்கப்போவதில்லை. ஸ்ரீபாத் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான் என்று மட்டும் சொல்கிறேன். நானும்தான். இந்த முறை காபிகூட இல்லாமல்.

அஜித் மேடைக்கே ஓடி வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். வாக்கு மீறியதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லவேளை நீங்க கொடுக்கல! நான் முட்டாள் மாதிரி கையை ஆட்டிட்டிருந்தேன். அது நடிப்பு, என்ன! வேணும்னே நிறுத்தியிருக்கா! என்ன ஒரு மௌனம்! நான்தான் அவளை ஒண்ணும் முடியாதவன்னு நினைச்சுட்டிருக்கேன் போல..."

போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இதையே சொன்னார். மனுஷருக்குத் தரையில் கால் பாவவில்லை.

கேன்டீனுக்குப் போனோம். அதே கேன்டீன், டேபிள் மட்டும் புதுசு. ஆர்டர் எடுக்க வந்தார்கள். மதுரா, "எனக்கு ஒரு... க..." என்றாள். அஜித் வாயைத் திறந்தார். காபியா, கச்சோரியா, எது வந்திருக்குமோ... திறந்த வாயை மூடிக்கொண்டார். மேஜை மேல் கையைக் கட்டிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார், சாயலி மாதிரியே. நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

"...கட்டிங்" என்றாள் மதுரா. அரை கிளாஸ் டீ.

"ஒரு கட்டிங்!" என்று அஜித் கேன்டீன் அதிரும்படி சொன்னார், அந்த டீயை அவரே கண்டுபிடித்த மாதிரி.

கிளம்பும்போது அஜித் காரை எடுத்து வரப் போனார். மரத்தடியில் மதுராவும் நானும் மட்டும். மழை விட்டிருந்தது. என் பெருமையை அடக்க முடியவில்லை.

"கையைப் பார்த்துட்டே இருந்தேன் மதுரா. நீ கைப்பிடியை முறுக்கல. அதனாலதான் வாயே திறக்கல" என்றேன்.

மதுரா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"கைப்பிடியா? ஓ... அதுவா... சிக்னல்?"

"பின்னே? பழைய சிக்னல்னு சொன்னேனே, தலையாட்டினியே!"

"என்ன சிக்னல்னு... ஞாபகம் இல்ல. கேட்க... வெட்கமா இருந்தது. ஆட்டிட்டேன்."

"அப்போ... அந்த மௌனம்?"

"மறந்துபோச்சுடி! சுத்தமா. காலி. உன்னைத் திரும்பிப் பார்த்தேனே... கொடு, கொடுன்னு... கெஞ்சினேன். நீ..." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் சொல் இன்னும் தாமதமாகும். நான் காத்திருந்தேன். "நீ வாயைப் பிளந்துட்டு... ரசிச்சுட்டிருக்கே!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "ஐயோ மதுரா... அப்புறம் எப்படிடீ வந்தது?"

அவள் யோசித்தாள். காரின் வெளிச்சம் தூரத்தில் திரும்பியது. அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக, முழு வாக்கியத்தையும் தானே முடித்தாள்.

"உன் மூஞ்சியைப் பார்த்தேன். இவ இப்படி ரசிக்கிறாளே... அப்போ நான் நல்லாத்தான்... பண்ணிட்டிருக்கேன்னு நினைச்சேன். பயம் போச்சு. வசனம்... வந்துடுச்சு."

இதை அஜித்திடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற ஒரே தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.